கல்லறைத் தோட்டத்தில் கணக்கு வகுப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டாம் வகுப்புக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மாணவர்களையே விவரம் சேகரிக்க வைக்கலாம் என்றிருக்கிறேன். எதையெல்லாம் குறிக்கச் சொல்வது?
– ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: அட்டவணையில் ஒரு வரி ஒரு கல்லுக்கா, ஓர் ஆளுக்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆளுக்குத்தான். ஒரே குழியைக் குடும்பத்தாருக்காக மறுபடி திறக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு; ஒரு கல்லில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். கல் எண், ஆள் எண், பிறந்த நாள், மாதம், ஆண்டு, இறந்த நாள், மாதம், ஆண்டு, கல்லில் வெட்டியுள்ள வயது, ஆணா பெண்ணா, எந்த மொழி என்ற பத்திகள் போதும். பெயர் வேண்டாம். அண்மையில் இறந்தவர்களின் கல்லையும் விட்டுவிடுங்கள். 1990-க்கு முந்தையவை மட்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

நாள், மாதம், ஆண்டைத் தனித்தனிப் பத்தியில் எழுதச் சொல்வதற்குக் காரணம் எக்செல். 1900-க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கழித்தல் போட்டால் பிழை காட்டும். ஆண்டை 24 என்று இரண்டு இலக்கத்தில் அடித்தால் 2024 ஆக்கிவிடும்.

விவரம் இல்லாத கட்டத்தில் பூஜ்யம் போடக்கூடாது. பூஜ்யம் என்றால் ஒரு வயது நிறையாத குழந்தை. 'எழுதப்படவில்லை', 'படிக்க முடியவில்லை' இரண்டும் வேறு வேறு என்பதால் இரண்டுக்கும் தனிக் குறி வையுங்கள். மூன்று மாதக் குழந்தைக்கு வயதுப் பத்தியில் 3 என்று எழுதிவிடுவது எல்லா வகுப்பிலும் நடக்கிற தவறு.

மூன்று பேர் ஒரு குழு: ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க. குழுவுக்குப் பத்துக் கல். பிறகு பக்கத்துக் குழுவின் இரண்டு கல்லை, அவர்கள் தாளைப் பார்க்காமல், மறுபடி எழுதச் சொல்லுங்கள். 1-க்கும் 7-க்கும், 3-க்கும் 8-க்கும் சண்டை வரும். அந்தச் சண்டைக்கு நேரம் ஒதுக்குங்கள், அதுவும் பாடம்தான்.

கேள்வி: தேய்ந்த எழுத்தைச் சுண்ணக்கட்டி தேய்த்துப் படிக்கலாமா?

பதில்: கூடாது. துகள் கல்லின் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துவிடும். தேய்ப்பதே மென்மையான கல்லை அரிக்கும். கம்பித் தூரிகை, ஷேவிங் நுரை, அமிலம் எதுவும் வேண்டாம். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நாலரைக்குப் பிறகோ போங்கள். சாய்வெயிலில் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும். மர நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் போதும்.

பழைய கல்லில் தமிழ் எண் இருந்தால் ௧௮௯௬ என்றும் ௲௮௱௯௰௬ என்றும் இரண்டு விதமாக வரலாம். இரண்டும் 1896-தான். ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ போலத் தெரியும் என்பதால் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். '63-ஆம் வயதில்' என்று இருந்தால் நிறைந்த வயது 62 ஆகவும் இருக்கலாம். பிறந்த தேதி கிடைத்தால் அதை நம்புங்கள்.

கேள்வி: பிறந்த பத்தாண்டு வாரியாகச் சராசரி வயது போட்டோம். பிந்திப் பிறந்தவர்களுக்கு வயது குறைந்துகொண்டே வருகிறது. ஆயுள் குறைகிறதா?
– கணித ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: இல்லை. 1990-இல் கோடு போட்டிருந்தால், 1960-க்குப் பிறகு பிறந்த யாரும் உங்கள் அட்டவணையில் 30 வயதைத் தாண்ட வழியே இல்லை. நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். இறந்த பத்தாண்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இந்த மாயம் மறைந்துவிடும். ஆனால் பிள்ளைகளிடம் விடையை உடனே சொல்லாதீர்கள். "1985-இல் பிறந்தவர் இந்தத் தாளில் இருக்க வேண்டுமானால் என்ன நடந்திருக்க வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள்.

சராசரியையும் தனியாக விடாதீர்கள். ஏழு பேரின் வயது 0, 1, 2, 58, 64, 70, 71 என்றால் கூட்டுச்சராசரி 38. அந்த வயதை ஒட்டி ஒருவர்கூட இறக்கவில்லை! வரிசையின் நடுவில் நிற்கும் எண், அதாவது இடைநிலை அளவு, 58. பத்துப் பத்து வயதாகத் தொகுத்துப் பட்டை வரைபடம் வரைந்தால் இரண்டு பக்கமும் இரண்டு மேடு தெரியும். பழைய கல்லறைகளில் இது அடிக்கடி வரும் உருவம்.

கேள்வி: எங்கள் 120 பதிவுகளில் ஒரு மாதத்தில் மட்டும் 15 இறப்பு. மழைக்கால நோய் என்று எழுதலாமா?

பதில்: அவசரம். 12 துண்டுச் சீட்டில் மாதப் பெயர் எழுதி, ஒன்றை எடுத்து, குறித்து, திரும்பப் போட்டு, 120 முறை எடுக்கச் சொல்லுங்கள். மாதத்துக்குச் சராசரி 10 வர வேண்டும். ஆனால் ஏதோ ஒரு மாதத்துக்கு 15, 16 விழுவது சர்வ சாதாரணம், இன்னொன்றுக்கு 5 விழும். 25 வந்தால் பேசலாம்.

கேள்வி: சென்னையில் எந்த இடம் நல்லது?

பதில்: நந்தம்பாக்கம் போர்க் கல்லறை. இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேரின் கற்கள் ஒரே அளவில், தெளிவாக இருக்கின்றன. பலவற்றில் வயதும் உண்டு. வயதுப் பட்டை வரைந்து ஊர்க் கல்லறையின் பட்டைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், வேறெதுவும் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: பராமரிக்க முடியாத பல ஊர்க் கல்லறைகளிலிருந்து இங்கே மாற்றப்பட்டவர்கள் இவர்கள். ஆகவே 'சென்னையில் இறந்தவர்கள்' என்று தலைப்புப் போட்டால் தவறு.

கேள்வி: கல்லறைக்கா கூட்டிப்போகிறீர்கள் என்று பெற்றோர் கோபப்படுகிறார்கள்.

பதில்: வர விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், தாளில் பதிந்ததைக் கணினியில் ஏற்றும் வேலை எப்படியும் இருக்கிறது. பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வாரத்தைத் தவிருங்கள். அடக்கம் நடந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் (இன்ஃப்ளூயன்சா) எங்கள் கற்களில் தெரியவே இல்லையே?

பதில்: கல் நடப் பணம் வேண்டும். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் இறந்த ஏழைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பெரும்பாலும் மரச் சிலுவைதான் கிடைத்திருக்கும், அதுவும் கிடைத்திருந்தால். எரிக்கும் வழக்கமுள்ளவர்கள் உங்கள் கணக்கிலேயே இல்லை. ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். 1917, 1918, 1919 மூன்று ஆண்டுகளுக்கும் பதிவேட்டில் எத்தனை பேர், தோட்டத்தில் எத்தனை கல் என்று எண்ணி, எந்த வயதினரின் கற்கள் அதிகம் விடுபட்டிருக்கின்றன என்று பாருங்கள். மற்ற பத்தாண்டுகளின் விவரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் அது ஓர் அளவுகோல்.