நிக் டிரேக்கின் வயலின்கள்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லித்தான் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் முதல் இசைத்தட்டு ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’ கேட்டேன். கிடார் அபாரம். ஆனால் பல பாடல்களில் வயலின் கூட்டம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெறும் கிடாரோடு பாடிய ‘பிங்க் மூன்’ தட்டுதான் அசல் டிரேக் என்று படுகிறது. கூச்ச சுபாவமுள்ள பையன் தலையில் கம்பெனிக்காரர்கள் இதைக் கட்டிவிட்டார்களோ?

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

‘பிங்க் மூன்’ எனக்கும் பிடிக்கும். 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவானது, மொத்தமே 28 நிமிடம். தலைப்புப் பாடலில் எட்டிப்பார்க்கும் பியானோவை விட்டால் கிடாரும் குரலும்தான். ஆனால் ‘தலையில் கட்டிவிட்டார்கள்’ என்பது சரியில்லை. நடந்தது நேர்மாறு.

‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’டுக்குத் தயாரிப்பாளர் ஜோ பாய்ட் முதலில் அனுபவமுள்ள ஒருவரைத்தான் இசைக்கோர்வைக்குப் பிடித்தார். அவர் எழுதியது டிரேக்குக்குப் பிடிக்கவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத இருபது வயதுப் பையன் அதை வேண்டாமென்றுவிட்டார். கேம்பிரிட்ஜில் என் நண்பன் ஒருவன் இருக்கிறான், அவன் எழுதட்டும் என்றார். அப்படி வந்தவர்தான் ராபர்ட் கிர்பி. அவரும் மாணவர்தான், தொழில்முறை அனுபவம் கிடையாது. அவர் கைவண்ணம் அந்தத் தட்டிலுள்ள ‘வே டு ப்ளூ’ பாடல். அதில் கிடாரே இல்லை, கவனித்தீர்களா? டிரேக் எந்தக் கருவிக்காக இன்றும் கொண்டாடப்படுகிறாரோ அதைக் கீழே வைத்துவிட்டு, வயலின்களை மட்டும் நம்பிப் பாடுகிறார். திணிக்கப்பட்டவன் செய்கிற காரியமா இது?

அதே தட்டிலுள்ள ‘ரிவர் மேன்’ கதை வேறு. ஐந்து எண்ணிக்கையில் ஓடும் பாட்டு. கிர்பி இது தன்னால் ஆகாது என்று ஒதுங்கிக்கொள்ள, ஹாரி ராபின்சன் எழுதினார். கர்நாடக இசையின் ஐந்தெண்ணிக்கைத் தாளமான கண்டசாபு கேட்டுப் பழகிய நமக்கு ஐந்து பெரிய விஷயமில்லை. ஆனால் இங்கே தாளம் சொல்ல ஒரு டிரம்கூட இல்லை. வலதுகை விரல்கள்தான் மிருதங்கம். அவை இம்மி பிசகாமல் ஓட, குரல் கொஞ்சம் தாமதமாக வந்து, அவசரமே இல்லாமல் அடுத்த சுற்றுக்குள் வழிகிறது. இரண்டையும் ஒரே ஆள் செய்கிறார். (கிடார் கற்கப்போய் ஆறாம் மாதம் அதைத் தம்பியிடம் தள்ளிவிட்டவன் நான். வயிற்றெரிச்சல் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது.) வயலின்கள் பிறகுதான் வருகின்றன. வந்ததே தெரியாமல் வருகின்றன.

உங்கள் புகார் அடுத்த தட்டுக்குப் பொருந்தும். ‘ப்ரைட்டர் லேட்டர்’ கேளுங்கள். டிரம்ஸ், சாக்ஸபோன் என்று வீடு நிறைய விருந்தாளிகள். மூன்று உருப்படிகளில் டிரேக் வாயே திறப்பதில்லை. சில நாட்களில் எனக்கும் கிடாரைத் தேட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 26 வயதில் இறந்தவர் என்று தெரிந்துவிட்டால் எல்லாமே ஒப்பாரியாகக் கேட்கும். ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’, அதாவது ‘ஐந்து தாள் மிச்சம்’ என்ற தலைப்பையே, தட்டு வந்து ஐந்து வருடத்தில் செத்துப்போனாரே என்று சகுனமாகப் படிப்பவர்கள் உண்டு. சிகரெட் சுருட்டும் தாள் கட்டில், தீரப்போகிறது என்று எச்சரிக்க அச்சடித்திருந்த வரி அது. அவ்வளவுதான்.

‘ரிவர் மேன்’ இன்னொரு முறை போடுங்கள். தொடையில் ஐந்தைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். வயலின்கள் நுழையும் இடத்தில் எனக்கு எண்ணிக்கை தவறிவிடும். உங்களுக்கு எங்கே என்று எழுதுங்கள்.