ஸ்லிங்கில் பிள்ளை சுமக்க: மூணாறு பக்கத்துத் தாய்மாரின் கேள்விகள்

ஸ்லிங் என்றால் பிள்ளையை உடம்போடு சேர்த்துக் கட்டிச் சுமக்கும் துணி. தோளில் போட்டு, வளையத்தில் கோத்து இறுக்குவது ரிங் ஸ்லிங். மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து இதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பிரசவ வார்டில் 20 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன்.

அக்கா, பிள்ளைக்கு 5 வாரம். ரிங் ஸ்லிங்கில் படுக்க வைத்தால் வில் மாதிரி வளைந்து, முகம் துணிக்குள் போய்விடுகிறது. பரவாயில்லையா? (மாட்டுப்பெட்டி)

வேண்டாம்மா, அப்படி வைப்பதை இன்றே நிறுத்துங்கள். இந்த வயதில் கழுத்தில் பலம் கிடையாது. தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழாய் மடங்கிவிடும். பிள்ளை அழக்கூட அழாது, சத்தமில்லாமல் மூச்சு நின்றுவிடும். 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதைத்தான் எச்சரித்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங்கோடு தொடர்புடைய மரணங்கள் குறைந்தது 14. அதில் 12 குழந்தைகள் 4 மாதம்கூட ஆகாதவர்கள்.

நிமிர்த்தி வையுங்கள், வயிற்றோடு வயிறு ஒட்டி. முதலில் பிள்ளையைத் தோளில் போட்டு, மெல்ல ஸ்லிங்குக்குள் இறக்குங்கள். துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை பரவி, மேலே பிடரிவரை வர வேண்டும். அப்புறம் வளையத்தில் தொங்கும் துணியை மொத்தமாக இழுக்காதீர்கள். மேல் ஓரம், நடு, கீழ் ஓரம் என்று தனித்தனியாக இழுத்தால்தான் தொய்வு போகும். தாடைக்கடியில் இரண்டு விரல் நுழைகிறதா? கொஞ்சம் குனிந்தால் உச்சந்தலையில் முத்தமிட முடிகிறதா? துணியை விலக்காமலே முகம் தெரிகிறதா? மூன்றும் சரியென்றால் நடக்கலாம். பால் கொடுத்து முடித்ததும் மறுபடி நிமிர்த்திவிடுங்கள், பல பேர் மறப்பது இதைத்தான்.

காலை அகட்டி வைத்தால் கால் வளைந்துவிடும் என்கிறார் மாமியார். (வண்டிப்பெரியாறு)

வளையாது. தொடை எலும்பின் தலை உட்காரும் இடுப்பு மூட்டின் கிண்ணம் இந்த வயதில் இன்னும் பெரும்பாலும் மெத்தென்ற குருத்தெலும்புதான். காலை நீட்டிச் சேர்த்துக் கட்டுவதுதான் அதற்குக் கெடுதல். தவளை மாதிரி தொடை விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிட உயரமாக இருந்தால் எலும்பின் தலை கிண்ணத்துக்குள் ஒழுங்காக உட்காரும். அத்தையைப் பிள்ளையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், கால் தானாக அப்படித்தான் மடங்கும். வயிற்றில் தலைக்குப் பதில் காலோ பிட்டமோ கீழே இருந்த பிள்ளையென்றால் இடுப்பை டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

இந்த மலைப் பழங்குடியான முதுவான் பெண்கள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறுகிறார்களே, 3 மாதப் பிள்ளையை நானும் கட்டலாமா? (மறையூர்)

மதுரை மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால்தான் முதுவான் என்று பெயர் வந்ததாக அவர்களிடையே ஒரு கதை உண்டு. சிறு வயது முதல் பார்த்துப் பழகிய கை அவர்களுடையது. உங்களுக்கு இது புதிது, பிள்ளையின் முகமும் கண்ணில் படாது. கழுத்து நன்றாக நின்று, உட்காரப் பழகட்டும், ஏறக்குறைய 6 மாதம். அப்போதும் முதல் பத்துத் தடவை கட்டிலோரம் நின்று, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளக் கட்டுங்கள்.

பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது, 1.8 கிலோ. ஸ்லிங் போடலாமா? (தேவிகுளம்)

டாக்டர் சொல்லாமல் வேண்டாம். உங்களுக்கு இப்போது வேண்டியது கங்காரு பராமரிப்பு: டயபரும் குல்லாயும் மட்டும் போட்ட பிள்ளை, உங்கள் வெறும் நெஞ்சில். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது. ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம்வரை செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டும் முறையை வார்டு நர்ஸிடம் நேரில் கேட்டுப் பழகுங்கள். அப்பாவும் செய்யலாம், கண்டிப்பாகச் செய்யட்டும்.

ஜனவரிக் குளிருக்கு எத்தனை சட்டை? (குண்டளை)

ஸ்லிங் துணியே ஒரு சட்டைக் கணக்கு, உங்கள் உடம்புச் சூடும் சேரும். அதனால் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரை இருவருக்கும் சேர்த்து வெளியே போர்த்துங்கள், முகத்தை மூடாதீர்கள். கை சில்லென்று இருந்தால் பதற வேண்டாம், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் சூடு அதிகம்.

ஸ்லிங்கில் வைத்தபடியே ஸ்கூட்டரில் போகலாமா? (மூணாறு டவுன்)

கூடாது. ஸ்கூட்டர், ஜீப் எதிலும் கூடாது. அடுப்படியிலும் முன்பக்கம் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.