அடி தெரியாத நீலம்: கடலடிக் குன்றும் சுவரும் பற்றிய கேள்வி பதில்

மாலைதீவில் ஒரு திலாவில் சுழியோடிவிட்டு வந்து அதைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தேன். அன்றிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. திலா என்பது அந்த நாட்டு மொழிச் சொல். கடலின் அடியில் இருந்து எழும்பி, மேற்பரப்புக்குச் சில மீற்றர் கீழேயே நின்றுவிடும் குன்றுக்கு அப்படிப் பெயர். படகில் இருந்து பார்த்தால் வெறும் கடல்தான் தெரியும். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வட்டுக்கோட்டையில் இருந்து ஒரு மாணவர்: அண்ணா, இப்படி ஓர் இடம் எங்கள் யாழ்ப்பாணக் கடலில் இல்லையா?

இல்லை தம்பி. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீற்றருக்குள் அடி வந்துவிடும். மணல், சேறு, சாதாழை, அங்கங்கே முருகைக்கல். காற்று எழும்பினால் அடி கலங்கி, நீட்டிய கை தெரியாது. ஆனால் அதைக் குறைவாக நினைக்காதீர்கள். தண்ணீரில் மிதப்பைச் சரிபண்ணி, மேலும் போகாமல் கீழும் போகாமல் ஒரே மட்டத்தில் நிற்கப் பழகுவதற்கு நாலு பாகத் தண்ணீர் (ஒரு பாகம் ஆறடி) நல்ல பள்ளிக்கூடம். அங்கே அது வராதவர் சுவருக்கு, அதாவது ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கும் கடலடிப் பாறைக்கு, போகக் கூடாது.

எங்களுக்குக் கிட்டிய செங்குத்து என்றால் திருகோணமலைதான். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை அப்படியே கடலுக்குள் இறங்குகிறது. 1624இல் போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கற்களில் ஒரு பகுதி கோட்டைக்குப் போனது, ஒரு பகுதி கடலுக்குள் விழுந்தது. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்கே சுழியோடியபோது செதுக்கிய தூண்களைக் கண்டார்கள். மலையடியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நினைப்பு வரும். அங்கே ஒரு கல்லையும் தொடாமல், கிளப்பாமல் வாருங்கள்.

பருத்தித்துறையில் இருந்து ஒருவர்: குன்றுக்கும் சுவருக்கும் என்ன வித்தியாசம்? மீன் ஏன் அங்கே மட்டும் அப்படிக் குவிகிறது?

நீங்கள் கடற்கரை ஆள். கல்லுள்ள இடத்தில் வலையும் தூண்டிலும் ஏன் நிறைகிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்போதோ தெரியும். அதே காரணம்தான். வெறும் நீரில் ஓடிவரும் நீரோட்டம் குன்றில் மோதினால் ஒரு பங்கு இரண்டு பக்கமாகப் பிரிகிறது, ஒரு பங்கு மேலே ஏறுகிறது. ஏறும் தண்ணீரோடு மிதவை உயிரிகள் வருகின்றன. அவற்றைத் தின்னச் சின்ன மீன், சின்ன மீனைத் தின்னப் பாரை, சீலா, சூரை. ஆகவே நீரோட்டம் வந்து மோதும் முகப்பில்தான் கூட்டம் இருக்கும். பின்பக்கம் தண்ணீர் சோர்ந்து சுழலும். அங்கே பொந்துகளில் களவாயும் அஞ்சாலையும் பேய்க்கணவாயும் ஒதுங்கியிருக்கும்.

குன்றைச் சுற்றி வரலாம். சுவருக்குச் சுற்று கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நீலம், கீழே கறுப்பு. குன்றென்றால் முதலில் ஆழமான பகுதிக்குப் போய், பிறகு சுருள் படி ஏறுவதுபோல வட்டமடித்து மேலே வந்து, உச்சியில் முடிப்பது வழக்கம். சுவரென்றால் நீரோட்டம் போகும் திசையிலேயே போய், போகப் போக உயர்ந்து வருவது. இரண்டிலும் ஆழம் முதலில், ஏற்றம் பிறகு.

ஒரு டோர்ச் கொண்டுபோங்கள், பகலிலும். தண்ணீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. 20 மீற்றரில் மண்நிறமாகத் தெரியும் கடற்பஞ்சின் மேல் வெளிச்சம் பட்டால் குங்குமம் கொட்டியதுபோல இருக்கும்.

குருநகரில் இருந்து ஒரு தம்பி: அண்ணை, நான் சங்கு குளிக்கிறனான். ஆறு பாகத்தில் ஒரு சிலிண்டர் எனக்கு ஒரு மணித்தியாலம் கிட்ட வரும். நீங்கள் அரை மணித்தியாலத்துக்குள் ஏறிவிட்டதாகச் சொன்னீர்கள். ஏன்?

வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே ஒன்று, 10 மீற்றரில் இரண்டு, 30 மீற்றரில் நான்கு. 30 மீற்றர் என்றால் உங்கள் கணக்கில் பதினாறு பாகம். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அடைத்தால் 2400 லீற்றர் காற்று. அமைதியாக மூச்சுவிடும் ஒருவருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் போதும். பதினாறு பாகத்தில் அதே மூச்சுக்கு 80 லீற்றர் போகும். கடைசி 50 பாரைத் தொடாமல் வைத்தால் 22 நிமிடம்தான் மிஞ்சும். பயந்து மூச்சு வாங்கினால் அதுவும் இல்லை.

காற்று மட்டுமல்ல. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் அது மூச்சோடு வெளியே போய்விடும். விரைந்து ஏறினால் மூடி திறந்த சோடாப் போத்தல்போல உடம்புக்குள்ளேயே குமிழாகும். பொழுதுபோக்குச் சுழியோடிகள் பாவிக்கும், பி.ஏ.டி.ஐ என்ற சுழியோடிப் பயிற்சி நிறுவனத்தின் அட்டவணையில், நாளின் முதல் இறக்கத்துக்கு 18 மீற்றரில் 56 நிமிடம், 30 மீற்றரில் 20 நிமிடம், 40 மீற்றரில் 9 நிமிடம்தான். இரண்டாவது, மூன்றாவது இறக்கத்துக்கு இன்னும் குறையும், ஏனென்றால் முதல் இறக்கத்தின் நைதரசன் உடம்பில் மிச்சம் இருக்கிறது. ஒரு நாளில் நாலைந்து சிலிண்டர் முடிக்கும் நம் ஆக்களுக்கு இந்த மிச்சக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

என் சின்னையாவும் சங்கு குளித்தவர். ஒரு நாள் கடைசிச் சிலிண்டர் முடிந்து வள்ளத்தில் ஏறியதும் கால் விறைத்தது. திரும்ப இறங்கினால் சரியாகும் என்று கூட இருந்தவர்கள் சொல்ல, இறங்கினார். இன்றைக்கும் தடியூன்றித்தான் நடக்கிறார். எனக்கு அப்போது பதினாறு வயது. நான் முறையாகப் படித்துச் சுழியோடியானதற்குக் காரணம் அவர்தான்.

ஆகவே மூட்டுநோ, விறைப்பு, கால் சோர்வு, தலைச்சுற்று, சலம் போகாமை, இவற்றில் ஒன்று வந்தாலும் திரும்ப இறங்காதீர்கள். படுக்க வைத்து, சுத்தமான ஒட்சிசன் கொடுத்து, உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். சிலிண்டரில் சுழியோடியவர் என்பதை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். திருகோணமலையில் கடற்படை மருத்துவமனையில் இதற்கான அழுத்த அறை இருக்கிறது.

ரொறன்ரோவில் இருந்து, ஊர் சுண்டிக்குளி: சுவரில் கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டம் வரும் என்கிறார்களே, வந்தால் என்ன செய்வது?

முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் விட்ட குமிழ்கள் மேலே போகாமல் உங்களைச் சுற்றி நிற்கும், சில நேரம் கீழே போகும். ஒன்றும் செய்யாமலே காது அழுத்தும். உடனே பாறையைப் பிடியுங்கள். உயிருள்ள முருகையை உடைக்கக் கூடாது என்று நானே சொல்லுவேன், ஆனால் இந்த நேரத்தில் பிடியுங்கள். பாறையைப் பிடித்துப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்ந்தால் பெரும்பாலும் அந்த இழுப்பில் இருந்து விலகிவிடலாம். பிடிக்க ஒன்றும் இல்லையென்றால் சுவரை விட்டு வெளியே, நீலத்துக்குள் நீந்துங்கள். இழுப்பு சுவரோடு ஒட்டித்தான் பலமாக இருக்கும். மிதப்புக்காகப் போடும் ஜாக்கெட்டுக்குக் காற்று ஏற்றலாம், ஆனால் இழுப்பு விட்ட கணமே அந்தக் காற்று உங்களை மேலே தூக்கி எறியும். ஆகவே விரல் காற்றை விடும் பொத்தானில் இருக்கட்டும், கண் ஆழமும் நேரமும் காட்டும் சுழியோடிக் கம்பியூட்டரில் இருக்கட்டும்.

நேரே மேல்நோக்கி உதைத்துக்கொண்டே இருப்பதுதான் பலரும் செய்யும் பிழை. காற்று கரையும், நீங்கள் அதே இடத்தில் இருப்பீர்கள்.

கொக்குவிலில் இருந்து: படகில் இருந்து குதித்தால் குன்று எங்கே என்று எப்படித் தெரியும்? தவறிவிட்டால்?

தவறிய அனுபவம் எனக்கு இருக்கிறது. வடகீழ்ப் பருவம், தண்ணீர் கிழக்கில் இருந்து மேற்கே விறுவிறுவென்று ஓடிய நாள். குன்றுக்கு நீரோட்டம் வரும் பக்கமாக, கொஞ்சம் தள்ளி எங்களைக் குதிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் குதித்தவுடன் இறங்கினார்கள். நான் முகமூடியைச் சரிபண்ணிக்கொண்டு மேலே அரை நிமிடம் நின்றேன். இறங்கிப் பார்த்தால் குன்று இல்லை. ஆட்கள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே நீலம். மேலே கீழே என்பதே கணக்கில் இல்லாமல் போனது. குமிழ் போகும் திசையைப் பார்த்துத்தான் மேல் எது என்று தெரிந்துகொண்டேன்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். துணையை ஒரு நிமிடம் தேடுங்கள், காணாவிட்டால் மெதுவாக மேலே வாருங்கள். குன்றைத் தேடி ஆழத்துக்குப் போகாதீர்கள். மேலே வந்ததும் செம்மஞ்சள் மிதவைக் குழாயை ஊதி நிமிர்த்துங்கள். அலைக்கு நடுவில் ஒரு தலை படகோட்டிக்குத் தெரியாது, ஆளுயரக் குழாய் தெரியும். விசிலும் கட்டாயம். என்னைப் படகு இருபது நிமிடத்தில் எடுத்தது. அந்த இருபது நிமிடமும் அந்தக் குழாயைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நல்லூரில் இருந்து ஓர் அம்மா: மகள் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். சுறா இருக்குமே, தம்பி?

இருக்கும் அம்மா, அதைப் பார்க்கத்தான் காசு கட்டிப் போகிறோம். மாலைதீவின் ஆரி அடோல் என்ற முருகைத் தீவு வளையத்தில் மாயா திலா என்று ஓர் இடம், உச்சி 6 மீற்றரில். 1995இல் இருந்து பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே இரவில் இறங்கினால் வெண்முனைச் சுறாக்கள் டோர்ச் வெளிச்சத்தின் ஓரத்தில் எங்களைக் கவனிக்காமல் இரை தேடித் திரியும். அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் முத்துக் குளித்த காலத்தில் சுறாவைக் கட்ட மந்திரம் சொல்லும் கடற்கட்டிகள் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பயம் பழையது, எனக்கு அது விளங்குகிறது. ஆனால் நான் அதிகம் எச்சரிப்பது கிளாத்தி மீனைப் பற்றி. முட்டை காக்கும் பெரிய கிளாத்தி துரத்திக் கடிக்கும். அதன் காவல் எல்லை கூட்டில் இருந்து மேல்நோக்கி விரியும் புனல் போன்றது. ஆகவே மேலே ஓடாமல் பக்கவாட்டில் விலக வேண்டும்.

மகளுக்குச் சளியோ தும்மலோ இருந்தால் அன்று இறங்க விடாதீர்கள், காது சமப்படாது. ஆஸ்துமா இருந்தால் முதலில் டொக்டர்.

சாவகச்சேரியில் இருந்து: எந்த மாதம் போகலாம்? எவ்வளவு படித்திருக்க வேண்டும்?

திருகோணமலைக்குச் சோளகம் வீசும் காலம், மே முதல் செப்ரெம்பர் வரை. வாடை தொடங்கினால் அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள். முதல் சான்றிதழ் 18 மீற்றர் வரை, அடுத்தது 30 வரை. மாலைதீவில் சட்டமே 30 மீற்றருக்குக் கீழே விடாது. நல்ல சட்டம். 30க்குக் கீழே நைதரசன் மயக்கம் தொடங்கும், குடித்தவர்போல எல்லாம் சரியென்று தோன்றும். விமானத்துக்கு முன் 18 மணித்தியாலம் தண்ணீரை விட்டு வெளியே இருங்கள்.

கோப்பாயில் இருந்து: நிலாவரைக் கிணற்றில் இறங்கலாமா?

வேண்டாம். அது சுண்ணாம்புக் கல்லில் குடைந்த குகை. சுவரில் எப்போதும் தலைக்கு மேலே வானம் உண்டு, குகையில் கிடையாது. அதற்கு வேறு படிப்பு, வேறு சிலிண்டர்கள்.

மானிப்பாயில் இருந்து: மட்டக்களப்பில் 1942இல் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலுக்கு?

அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடியின் எல்லை 40. பதில் அவ்வளவுதான்.

குருநகர்த் தம்பி மறுபடியும்: அண்ணை, கம்பியூட்டர் வாங்க எங்களிடம் காசில்லை. தொழிலையும் விட ஏலாது. என்ன செய்யலாம்?

விடச் சொல்லவில்லை தம்பி. இன்றைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வள்ளத்தில் இருந்து ஈயம் கட்டிய கயிறு ஒன்றை இறக்குங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் முடிச்சு, மூன்றாவது பாகத்தில் சிவப்புத் துணி. ஏறும்போது அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறுங்கள், நிமிடத்துக்கு ஐந்து முடிச்சுக்கு மேல் போகாமல். மூச்சை அடக்காதீர்கள், அடக்கினால் கடைசி 10 மீற்றரில் காற்று இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். சிவப்புத் துணியில் நில்லுங்கள். மூன்று நிமிடம் கட்டாயம், ஐந்து என்றால் நல்லது. அதற்குக் காற்று வேண்டும், ஆகவே அழுத்தமானி 70 காட்டும்போதே சங்கை விட்டு ஏறத் தொடங்குங்கள்.

ஆழமான இடத்தை முதல் இறக்கத்திலேயே முடியுங்கள். அடுத்தது அதைவிட மேலே. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது வள்ளத்தில் இருங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டர். இது கம்பியூட்டர் தரும் பாதுகாப்பைத் தராது, ஆனால் இப்போது செய்வதைவிடப் பல மடங்கு மேல். உங்களோடு நாலைந்து பேர் சேர்ந்தால் பழைய கம்பியூட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து காட்டித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கடலுக்குப் போவதில்லைத்தானே? காலையில் வருகிறேன், கயிற்றையும் ஈயத்தையும் எடுத்து வையுங்கள்.