மூன்று வாரத்தில் சுருதி கலைந்தால் பியானோ செத்துவிட்டதா?

கேள்வி: மகளுக்காகப் பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் வகை) பியானோ ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு வந்த மறுநாளே டியூன் செய்ய ஆள் வந்தார். முழு சுருதிக்கு ஏற்றினால் கம்பி அறுந்துவிடும் என்று சொல்லி, அரை சுரம் கீழேயே நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் மறுபடி கலைந்துவிட்டது. இப்போது அவரே, "இந்தப் பியானோ செத்துவிட்டது, எனக்குத் தெரிந்தவரிடம் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கித் தருகிறேன்" என்கிறார். மகளோ வயலின் வாசிக்கும் தோழியோடு சேர்ந்து வீட்டிலேயே பதிவு செய்ய ஆசைப்படுகிறாள். பியானோவை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். அதுவும் அந்த ஆளின் பேச்சைக் கேட்டு மாற்றவே வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் பியானோ செத்ததற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. அவசரப்பட்டு டியூன் செய்ததற்கான அடையாளம்தான் இருக்கிறது.

இடம் மாறி வந்த பியானோவின் மரம் புது அறையின் காற்றுக்குப் பழக இரண்டு மூன்று வாரமாவது ஆகும். கம்பிகளுக்குப் பின்னால் அகலமான, மெல்லிய ஒலிப்பலகை ஒன்று இருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் அது உப்பி, கம்பிகளைத் தாங்கும் குதிரையைத் தள்ளும், சுருதி ஏறும். ஈரம் வற்றினால் பலகை அமுங்கும், சுருதி இறங்கும். மறுநாளே வந்தவர், இன்னும் அசைந்துகொண்டிருந்த பலகையின் மேல் சுருதி சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அது நிற்காததற்குப் பியானோ என்ன செய்யும்?

சரி, உண்மையிலேயே உள்ளே கோளாறு இருந்தால்? அதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். போனில் ஏதாவது ஒரு டியூனர் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். நடு ஸி-யில் தொடங்கி மேலே பன்னிரண்டு கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தி, எத்தனை சென்ட் விலகல் என்று தாளில் எழுதுங்கள். 100 சென்ட் சேர்ந்தால் ஒரு அரை சுரம். உங்கள் பியானோ அரை சுரம் கீழே இருப்பதால் ஸி-யை அழுத்தினால் ஆப் பி என்று காட்டும், பயப்பட வேண்டாம். எல்லாக் கட்டைகளும் ஏறக்குறைய ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்ந்திருந்தால் அது காற்றின் வேலை. அக்கம்பக்கத்துக் கட்டைகள் ஒழுங்காக இருக்கும்போது ஒன்று மட்டும் இரட்டைக் குரலில் ஊளையிட்டு, ஆப்பின் முள்ளும் நிற்காமல் ஆடினால், அங்கே கம்பியை முறுக்கி நிறுத்தும் ஆணி பிடி விட்டிருக்கலாம். உச்சியிலும் அடியிலும் இந்தச் சோதனை வேண்டாம். கம்பியின் விறைப்பால் அங்கே ஆப்பின் கணக்கும் நல்ல டியூனிங்கும் ஒத்துப்போகாது.

அந்த ஆணிதான் இங்கே எல்லாம். பியானோவில் 220-க்கு மேல் கம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 70, 80 கிலோ இழுவையில் நிற்கிறது. மொத்தமாக 16 முதல் 20 டன். இவ்வளவையும் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். ஆனால் கம்பியின் நுனி சுற்றியிருக்கும் முறுக்காணியைப் பிடித்துவைத்திருப்பது வெறும் மரத்தின் உராய்வு மட்டுமே. அந்த மரம் காய்ந்து விரிசல் விட்டால் எவ்வளவு முறுக்கினாலும் ஆணி திரும்பிவிடும். சாவியைப் போட்டுத் திருப்பும் எந்த டியூனரும் இதைக் கையிலேயே உணர்வார். ஆகவே உங்கள் ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தெந்தக் கட்டையின் ஆணி தளர்ந்திருக்கிறது, காட்டுங்கள்." சில ஆணிகள் மட்டும் என்றால் சற்றுத் தடிமனான ஆணி போட்டுச் சரிசெய்யலாம். எல்லா ஆணியும் போய்விட்டால்தான் மாற்றும் பேச்சு. அவர் உங்களிடம் கம்பியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார், ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: பியானோவைச் சோதிப்பவரும், பழையதை எடுத்துக்கொள்பவரும், புதியதைக் கொண்டுவருபவரும் ஒரே கூட்டமாக இருந்தால் அங்கே உங்களுக்கு உண்மை கிடைக்காது. "செத்துவிட்டது" என்ற தீர்ப்பிலேயே அவர்களுக்கு இரண்டு பக்கமும் வரும்படி. உங்களிடம் சும்மா வாங்கிப்போன அதே பியானோ, மேலே பாலிஷ் ஏறி, "முழுக்கப் புதுப்பித்தது" என்ற பெயரோடு இன்னொரு குழந்தையின் வீட்டுக்குப் போகும். உள்ளே கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் ஃபெல்ட்டில் (அழுத்திய கம்பளியில்) கம்பி வெட்டிய பள்ளங்கள் அப்படியேதான் இருக்கும். மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் எவருக்கும் தெரியும். ஆனால் வாங்குபவர்கள் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு, நீங்களும் அதில் சிக்கியிருக்கலாம். எல்லாக் கம்பிகளையும் சேர்ந்தாற்போல் அரை சுரம் கீழே இறக்கி வைத்துவிட்டால், பியானோ தன்னளவில் இனிமையாகவே கேட்கும். தனியாக வாசித்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வயலினோ புல்லாங்குழலோ பக்கத்தில் வந்தால்தான் குட்டு உடையும். இனி எந்தப் பியானோவைப் பார்க்கப் போனாலும் முதலில் நடு ஸி-க்கு மேலே வரும் ஏ-யை அழுத்தி ஆப்பில் பாருங்கள். 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். முன்பலகையில் உள்ள நிறுவனப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், அதை யாரும் ஒட்டலாம். இரும்புச் சட்டத்தில் வார்த்திருக்கும் பெயரையும், உள்ளே இருக்கும் வரிசை எண்ணையும் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் வரிசை எண்ணை வைத்து எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அப்புறம், ஒட்டிக்கொள்ளும் கட்டைக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்க யாராவது வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அது ஃபெல்ட்டில் ஊறி அழுக்கைச் சேர்க்கும். ஆணி இறங்கிய மரத்துக்குள் போனால் ஆணியின் பிடியே போய்விடும்.

இனி, கம்பி அறும் பயம். அது பாதிதான் உண்மை. அரை சுரம் கீழே என்றால் ஏ கட்டை சுமார் 415 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அங்கிருந்து 440-க்கு ஏற்றும்போது மொத்த இழுவையில் சுமார் 2 டன் கூடுகிறது. துருப்பிடித்த கம்பி ஒன்றிரண்டு அறலாம். அனுபவசாலி முதலில் கம்பியை இம்மியளவு தளர்த்தி, துரு ஒட்டிய இடத்தை விடுவித்துவிட்டுத்தான் ஏற்றுவார். அப்படியும் அறுந்தால் புதுக் கம்பி போடலாம். புதுக் கம்பி சில வாரமோ மாதமோ இளகிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஒரே வருகையில் அரை சுரம் ஏற்றி அது நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பக்கம் கம்பியை இறுக்க இறுக்கப் பலகை அமுங்கி, ஏற்கெனவே சேர்த்த கம்பிகள் இறங்கும். அதனால் முதலில் சற்றுக் கூடுதலாகவே ஏற்றி வைத்து, இரண்டு வாரம் விட்டு, பிறகுதான் நுட்பமாகச் சேர்க்க வேண்டும்.

இப்படி 440-க்கு ஏற்றுவதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்ல பியானோவைக் கீழேயே வைத்திருப்பவர்களும், தாங்காத பியானோவை உடைப்பவர்களும் இருப்பதால் விரிவாகச் சொல்கிறேன். மேல் மூடியைத் திறந்து பாருங்கள். அதிர்வை அடக்கும் டாம்பர்கள் சுத்தியல்களுக்கு மேலே இருந்து, அவற்றை இயக்கும் கம்பிகள் முன்னால் வரிசையாகக் கூண்டுக் கம்பி போல நிற்கின்றனவா? அடி ஸ்தாயிக் கம்பிகள் மற்றவற்றின் குறுக்கே போகாமல் எல்லாமே ஒரே திசையில் இறங்குகின்றனவா? ஆணிகள் இறங்கிய மரத்தின் மேல் இரும்புச் சட்டம் ஏறாமல், மரம் வெறுமனே தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது மிகப் பழைய வகை, 440-க்கு ஏற்றச் சொல்லாதீர்கள். முதல் இரண்டும் இருந்து, இரும்புச் சட்டம் முழுசாக மேல்வரை போகிறது என்றால் ஆணியைச் சோதித்த பிறகு முடிவெடுக்கலாம். டாம்பர்கள் சுத்தியல்களுக்குக் கீழே இருந்து கம்பிகள் குறுக்கே போனால் அது சாதாரண அப்ரைட், இந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. முகப்பில் மெழுகுவத்தித் தாங்கி இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏற்றக் கூடாத வகைதான் என்றால், குத்துமதிப்பாக விடாமல் சரியாக 415-க்கு எல்லாக் கட்டையையும் சேர்க்கச் சொல்லுங்கள். தோழி தன் வயலினின் நான்கு தந்திகளையும் அரை சுரம் இறக்கிக்கொண்டால் இருவரும் சேர்ந்து வாசிக்கலாம். ஐரோப்பாவின் பழைய பரோக் இசையை வாசிக்கும் குழுக்கள் பல 415-லேயே வாசிக்கின்றன. புல்லாங்குழல், கிளாரினெட் போன்றவற்றுக்கு இந்த வழி இல்லை.

வயலின் கற்கும் குழந்தை ஆரம்ப ஆண்டுகளிலேயே தந்தியைச் சேர்க்கக் கற்கிறது. பியானோ கற்கும் குழந்தையோ எல்லாத் தேர்வுகளையும் தாண்டிய பிறகும் மூடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்காது. பெரும்பாலான பாடத்திட்டங்களில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. சாவி ஒன்றைக் கையில் வைத்திருப்பவரெல்லாம் டியூனர் என்று சொல்லிக்கொள்ள முடிகிறது, கேட்பாரில்லை. பெற்றோர் ஏமாறுவதற்கு இதுதான் காரணம்.

பதிவுக்கு வருவோம். பியானோவைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது முன்னால் இழுங்கள். அப்ரைட்டின் பலகை பின்பக்கம் இருப்பதால், சுவரோடு ஒட்டினால் சத்தம் அமுங்கிக் குழம்பும். இழுக்க இரண்டு பெரியவர்களாவது வேண்டும், இதன் எடை 200 கிலோவுக்கு மேலேயே இருக்கும். மேல் மூடியைத் திறந்து, மேல் முன்பலகையையும் கழற்றிவிடுங்கள். நடு பெடல் ஃபெல்ட் திரையை இறக்கும் வகை என்றால் அதைத் தொடாதீர்கள், அது அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்கானது. இரண்டு மைக் இருந்தால் வாசிப்பவரின் தோளுக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே, ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மைக்கைப் பியானோவுக்குள்ளேயே நுழைத்தால் எந்தக் கட்டை பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் கத்தும். வயலின் வாசிப்பவர் மைக்கிலிருந்து இன்னும் தள்ளி நிற்கட்டும், இல்லையென்றால் வயலின் பியானோவை விழுங்கிவிடும்.

போனிலேயே பதிவு செய்வதென்றால், ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியை அணைக்க முடிகிற ஆப்பைப் பயன்படுத்துங்கள். அந்த வசதி மெல்லிய இடத்தைத் தூக்கி, பலமான இடத்தை நசுக்கிவிடும். மகள் பாடுபட்டுக் கற்ற நயமெல்லாம் அதில் போய்விடும். பாட்டின் மிகச் சத்தமான இடத்தை முதலில் வாசிக்கச் சொல்லி, ஆப்பின் ஒலியளவு மீட்டர் -12 டெசிபலை ஒட்டி வரும்படி வைத்துவிட்டு அப்புறம் தொடாதீர்கள். பெடலும் ஸ்டூலும் கிரீச்சிடுகின்றனவா என்று முந்தின நாளே கேட்டுப் பாருங்கள். வாசிக்கும்போது காதில் விழாத கிரீச், பதிவில் தெளிவாக விழும்.

நுட்ப டியூனிங்கைப் பதிவுக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அறையில் ஈரப்பதமானி ஒன்றை மாட்டி, அளவு 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். டியூனர் வேலை பார்க்கும்போது ஏசி ஓடினால் பதிவு தொடங்கும் வரை அது ஓடட்டும், வாசிக்கும் நிமிடங்களுக்கு மட்டும் நிறுத்துங்கள். அந்த நாளுக்கு வேறு டியூனரைக் கூப்பிடுங்கள். பியானோ விற்காதவராக இருக்கட்டும். ஆணிகளையும் அவரே சோதித்துச் சொல்லட்டும்.