மட்டக்களப்புப் பக்கம் மீட்கப்பட்ட ஆடு, மாடு, கோழிகளை வைத்துப் பார்க்கும் இடத்துக்குப் பிள்ளைகளோடு போகலாமா?

போகலாம். கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் மிருகக்காட்சிச் சாலைக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், ஏமாந்துபோவார்கள்.

நான் போய்வருகிற இடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. ஒரு குடும்பம் தங்கள் மேட்டுக் காணியில் சொந்தச் செலவில் நடத்துகிறது. பெயர்ப்பலகை இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. கூட்டம் வந்தால் விலங்குகள் மிரளும் என்பதால் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்ததால் இப்போது போவது சுகம். அதற்கு முன் பாதை என்கிற மிதவைக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடக்க வேண்டும்.

அங்கே என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் வயது. நான் மாடு, கோழிக்கு நடுவில் வளர்ந்தவள். அம்மம்மா வீட்டில் பட்டி இருந்தது. ஆனாலும் கிழட்டு ஆடு ஒன்றை அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. யோசித்துப் பாருங்கள், உங்களில் அநேகம் பேரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நன்றாகப் பார்த்தால் மாடு இருபது வருடம்கூட இருக்கும். ஆனால் பால் வற்றி, இனிக் கன்று தரிக்காது என்று தெரிந்தால் லொறி ஏறிவிடும். நாம்பன் கன்றுக்கு, அதாவது ஆண் கன்றுக்கு, அந்த அளவு காலமும் கிடைக்காது. புரொயிலர் கோழி ஆறு கிழமைக்குள் கடைக்கு வந்துவிடும். உருவம்தான் பெரிது, அந்த வயதிலும் அது குஞ்சுக் குரலில்தான் கத்தும்.

நான் அதிக நேரம் இருப்பது ஒரு பசுவோடு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாடு ஏற்றிப்போன லொறி பிடிபட்டபோது அதில் இருந்தது. பலருடைய குறி உடம்பில் இருக்கிறது, எத்தனை கை மாறியதோ. கண்ணுக்கு மேலே குழி விழுந்து, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டுத்தான். வயது போகப் போக அந்த எட்டும் தேய்ந்து ஆடத் தொடங்கும். அப்புறம் கட்டைப் புல்லைக் கடித்து இழுக்க ஏலாது. அதனால் இதற்குப் புல்லை வெட்டி, தவிடு ஊறவைத்துக் கொடுக்கிறார்கள். மாடு எழும்பும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். இந்தப் பசு பின்னங்காலில் எழுந்து, முன் முழங்கால் மண்ணில் ஊன்றியபடி நின்று கொஞ்சநேரம் மூச்சு வாங்கும். என் மகள் தூக்கிவிட ஓடினாள். அங்குள்ள அம்மா தடுத்தார். “கிட்டப் போகாத மகள். அது தானா எழும்பும். அவசரப்படுத்தினா விழுந்திரும்.” நாங்கள் நின்றோம், அது எழும்பியது.

எந்த மாட்டிடமும் பக்கவாட்டில், அது காணும்படி போக வேண்டும். மாட்டுக்கு இரண்டு பக்கமும் நன்றாகத் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது, அங்கே நின்றால் பயத்தில் உதைக்கும். கன்றோடு நிற்கும் பசுவிடம் பிள்ளைகளை விடவே கூடாது.

தீனி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு போகிறவர்கள்தான் இதில் கேடு செய்துவிடுகிறார்கள். கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் கல்நந்தி புல்லுண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மாட்டுக்கு ஏதாவது ஊட்டினால்தான் மனம் ஆறும். பட்டிப்பொங்கலன்று வாளி வாளியாகப் பொங்கல் கொண்டுபோய் வைப்பார்கள். புல் தின்று பழகிய வயிற்றில் சோறும் மாவும் திடீரென்று நிறையப் போனால் உள்ளே புளித்து அமிலம் ஏறும். வயிறு ஊதும், மாடு படுத்துவிடும், சில நேரம் செத்தும் போகும். ஆட்டுக்கும் அப்படித்தான். ஒரு கை பொங்கலோடு நிறுத்துங்கள், அதையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். புரொயிலர் கோழிக்கு ஒன்றுமே போடாதீர்கள். சீக்கிரம் சதை வைக்கவென்றே உருவாக்கிய இனம் அது. பசிக்குத் தின்னவிட்டால் உடம்பின் பாரத்தைக் காலும் தாங்காது, இதயமும் தாங்காது. அங்கே அவற்றுக்கு அளந்துதான் தீனி வைக்கிறார்கள். அவை தீனிக்காகக் காலைச் சுற்றி வரும்போது கொடுக்காமல் இருப்பது கஷ்டம்தான், ஆனால் அவை உயிரோடு இருப்பதே அந்தக் கட்டுப்பாட்டால்தான்.

கொண்டுபோக விரும்பினால் வைக்கோல் கொண்டுபோங்கள். மாரி வெள்ளாமை வெட்டி முடிந்ததும் வயல்களில் எவ்வளவு வைக்கோலைக் கொளுத்துகிறார்கள்! ஒரு லோட் கட்டி ஏற்றிக் கொடுத்தால் காய்ந்த மாதங்களுக்கு அது பெரிய உதவி. பழைய சாக்கும் தேவை. 2022 டிசம்பரில் அடித்த குளிரில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தது ஞாபகம் இருக்கும். மெலிந்ததும் கிழடும் குளிரை நின்று தாங்காது. அந்த மாதங்களில் ஈரமில்லாத தரையும் மேலே போர்த்த ஒரு சாக்கும் அவற்றுக்கு உயிர். மற்றது, பொலித்தீன் பையில் எதையும் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். அம்பாறை பள்ளக்காட்டில் குப்பையைத் தின்று யானைகள் செத்ததை எல்லோரும் படித்தோம். மாட்டின் வயிற்றிலும் அதே பொலித்தீன் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

வீட்டில் மாடு, ஆடு வளர்க்கிறவர் என்றால் செருப்பையும் காலையும் கழுவிவிட்டு உள்ளே போங்கள், திரும்பி வந்தும் கழுவுங்கள். காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய் செருப்பிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். கோழியைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

இப்படி விலங்குகளை மீட்டு வைத்துப் பார்க்கும் வேலையில் உலகளவில் முன்னோடி, 1986 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்ம் சாங்சுவரி. ஒரு விலங்குச் சந்தையின் பின்னால் செத்தவற்றைக் குவித்த இடத்தில் உயிரோடு கிடந்த ஹில்டா என்ற செம்மறியைத்தான் அவர்கள் முதலில் தூக்கி வந்தார்கள். அது பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தது. எங்கள் நாட்டிலோ மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907 இல் போட்டது. இன்று ஒரு விலங்கைக் காப்பாற்றுகிறவருக்கு அதனால் கிடைக்கும் பலம் மிகக் குறைவு.

ஒன்றை மனதார வேண்டிக் கேட்கிறேன். மாட்டிறைச்சிச் சண்டையை அங்கே கொண்டுபோகாதீர்கள். 2020 இல் மாடறுப்புத் தடைக்கு அமைச்சரவை இணங்கியபோது, மாட்டின் மேல் உள்ள அக்கறையைவிடப் பக்கத்து ஊர்க்காரர் மேல் உள்ள கோபம்தான் பல வாயில் வந்தது. எங்கள் மாவட்டங்களில் தமிழரும் முஸ்லிமும் மாட்டால் பிழைக்கிறார்கள். விற்கும் பட்டிக்காரரைத் திட்டியும் பலனில்லை. எங்கள் மாவட்டத்து மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மேய்க்கத் தரை இல்லாதவர் பால் வற்றிய மாட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டுவார்? இந்த வீட்டு வாசலில் இரண்டு சமூகத்து ஆட்களும் காயப்பட்ட ஆட்டோடும் கோழியோடும் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போகும் நேரம்: வெள்ளனப் போங்கள், அல்லது பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு. நடுப்பகலில் எல்லாம் நிழலில் படுத்து அசைபோடும், எழுப்பக் கூடாது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை, வெள்ளம். பாதையும் மோசம், வீட்டுக்காரருக்கு விருந்தாளியைப் பார்க்க நேரமும் இருக்காது. முன்கூட்டியே பேசிவிட்டு நாலைந்து பேராகப் போங்கள். மிகச் சின்னப் பிள்ளை என்றால் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாம், ஆனால் கோழியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க விடமாட்டார்கள். காசு கொடுக்க விரும்பினால் கையில் திணிக்காமல், மிருக வைத்தியருக்கோ மருந்துக்கோ எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கேட்டு அதைக் கட்டுங்கள்.