பாட்டியின் பவுன் காசுக்கு மார்க் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. கோவையில் தனியார் வேலை. பாட்டியின் பெட்டியிலிருந்து ஜார்ஜ் மன்னர் தலை போட்ட, 1918-ம் வருடத்துப் பவுன் காசுகள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் வளையம் பற்றவைத்திருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கினால் பல மடங்கு விலை போகும் என்கிறார் நண்பர். மகளின் படிப்புக்குச் சேர்த்த 4 லட்சத்துக்கும் சான்று பெற்ற தங்கக் காசுகளே வாங்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: 4 லட்சத்தைத் தொடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள்தான் இதில் பெரிய பெயர்கள். காசைப் பார்த்து 1 முதல் 70 வரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, ஒரு எண்ணும் கொடுப்பார்கள். மார்க் ஏற ஏற, தங்கத்தின் விலைக்கு மேல் தனி விலை. அந்த அதிகப்படியை நகைக்குக் கொடுக்கும் செய்கூலி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் நகைக்கடையில் 70 மார்க் காசை நீட்டினாலும் தராசில்தான் வைப்பார்கள். தனி விலை தருபவர் இன்னொரு சேகரிப்பாளர் மட்டுமே. கல்லூரிக் கட்டணம் கட்டும் வாரத்தில் அவரை எங்கே தேடுவீர்கள்? அதிலும் புதிதாக அச்சிட்ட, ‘ஈகிள்’ என்ற அமெரிக்க அரசின் தங்கக் காசுகளில் 70 மார்க் ஏராளம். கை படாத காசு பளபளக்காமல் என்ன செய்யும்?

சரி, பாட்டியின் காசுக்கு வருவோம். காசின் பின்பக்கத்தில் இருக்கும் குதிரையின் கீழே, ஆண்டுக்கு மேலே, தரைக் கோட்டில் பொடியாக ஒரு எழுத்து இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆங்கில ‘ஐ’ என்றால் அது பம்பாயில் அடித்தது. லண்டன் நாணயச் சாலையின் பம்பாய்க் கிளை பவுன் அடித்தது அந்த ஒரே வருடம்தான். கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் சுமார் 13 லட்சம் காசுகள் அடித்தார்கள், அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஒரு காசு 7.98 கிராம், 22 காரட். நாம் 8 கிராமைப் ‘பவுன்’ என்பதே இந்தக் காசிலிருந்து வந்ததுதான்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் பெரிய சிக்கல் உண்டு. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய காசும் தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. நண்பர் இதைச் சொன்னாரா?

வளையம் வைத்த காசுக்குச் சேகரிப்பாளர் விலை போச்சு. பற்றவைத்த காசுக்கு மார்க்கே போடமாட்டார்கள், பழுது என்று எழுதிவிடுவார்கள். தேய்த்துக் கழுவிய காசுக்கும் அதே கதி. அதனால் மற்றதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், அழுக்கோடு இருக்கட்டும். உள்ளூர்க் காசுக் கண்காட்சியில் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டி விலை கேளுங்கள். அசல் தங்கத்திலேயே போலிப் பவுன் அடித்தவர்கள் உண்டு என்பதால், உரசிப் பார்த்து ‘நல்ல தங்கம்’ என்றால் மட்டும் போதாது.

சேகரிக்கும் ஆசை உண்மையிலேயே வந்துவிட்டதா? போனஸில் ஒரு பங்கை ஒதுக்கி ஒரு காசு வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே பணம் கொடுங்கள், பெட்டியிலும் போலி வருகிறது. அப்புறம், அந்த வளையக் காசு. அதை ஒரு சங்கிலியில் கோத்து மகளுக்குப் போட்டுவிடுங்கள்.