பில்டு ஸ்கிரிப்டில் சார்புப் பாதையா, முழுப் பாதையா?

கேள்வி: என் கணினியில் ஒழுங்காக ஓடும் பில்டு ஸ்கிரிப்ட் (மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் கட்டளைக் கோப்பு), சிஐ சர்வரில் (மாற்றங்களைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கணினியில்) ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று நின்றுவிடுகிறது. சார்புப் பாதைகள் (ஓர் இடத்தைச் சார்ந்து எழுதுபவை) எல்லாவற்றையும் முழுப் பாதைகளாக (‘/’ தொடங்கி முழு இருப்பிடத்தையும் சொல்பவையாக) மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். உங்கள் பயனர்பெயரைத் தாங்கிய ஹோம் கோப்புறை சர்வரில் இருக்கப்போவதில்லை. ஆகவே பிழை தீராது, வேறு வரிக்கு இடம் மாறும், அவ்வளவுதான். சார்புப் பாதை எதைச் சார்ந்தது என்பதை ஸ்கிரிப்ட் எங்கும் சொல்லாமல் விட்டிருப்பதே இங்கே சிக்கல்.

சார்புப் பாதையைத் தீர்மானிக்கும்போது இயங்குதளம் ஸ்கிரிப்ட் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கோப்பைத் திறக்க முயலும் புராசஸின் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின்) நடப்புக் கோப்புறை எதுவோ அதிலிருந்துதான் தேடத் தொடங்குகிறது. நீங்கள் எப்போதும் ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறைக்குள் நின்று அதை இயக்கியிருப்பீர்கள், சிஐ சர்வரோ ரெப்போவின் (திட்டத்தின் நிரல் களஞ்சியத்தின்) மூலக் (ரூட்) கோப்புறையிலிருந்து இயக்கியிருக்கும். அந்த நிலையில் ‘../மூலம்’ என்ற பாதை ரெப்போவுக்கே வெளியே போய்விடும்.

எனவே நான் பரிந்துரைக்கும் முறை இது: எழுதும்போது சார்புப் பாதையாக எழுதுங்கள், இயங்கும்போது, ஸ்கிரிப்டின் இருப்பிடத்தைக் கொண்டு அதை முழுப் பாதையாக்குங்கள். பாஷ் (கட்டளைகளை இயக்கும் ஒரு ஷெல்) என்றால், ஸ்கிரிப்டின் பாதையைத் தாங்கிய பாஷ்_சோர்ஸ் மாறியிலிருந்து டிர்நேம் கட்டளையால் கோப்புறையைப் பிரித்தெடுத்து, ஒரு துணை ஷெல்லில் அங்கே சிடி செய்து (அந்தக் கோப்புறைக்கு மாறி), பிடபிள்யூடி (நடப்புக் கோப்புறையைச் சொல்லும் கட்டளை) தரும் விடையை ‘ரூட்’ போன்ற ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, மற்ற பாதைகள் அனைத்தையும் அதிலிருந்து தொடங்கி எழுதலாம். இதில் பலர் கவனிக்காத ஒரு பொறி உண்டு. சிடிபாத் (சிடி தேடிப் பார்க்கும் கோப்புறைகளின் பட்டியல்) என்ற சூழல் மாறியை யாராவது எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தால், சிடி கட்டளை அதன் வழியே வேறொரு கோப்புறைக்குப் போய்விடக்கூடும். போன இடத்தின் பெயரைத் திரையில் அச்சிடவும் செய்யும், அதனால் உங்கள் மாறிக்குள் ஒரே பாதை இரண்டு வரிகளாக வந்து உட்காரும். ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே அந்த மாறியை அன்செட் செய்துவிடுவது நல்லது.

இவ்வளவு எதற்கு, ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே மூலக் கோப்புறைக்கு சிடி செய்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். சிறிய ஸ்கிரிப்டுக்குப் போதும். ஆனால் ‘வெளியீட்டை ./அவுட்டில் வை’ என்று பயனர் தருகிற பாதை அவர் நிற்கும் இடத்தைச் சார்ந்தது, ஸ்கிரிப்டுக்குள் நீங்கள் எழுதிய பாதை திட்டத்தைச் சார்ந்தது. இரண்டும் ஒரே மாதிரி தோன்றினாலும் ஒன்றல்ல. பயனர் தந்த பாதையை முழுப் பாதையாக்கி வைத்துக்கொண்ட பிறகே சிடி செய்யவேண்டும்.

மேக்ஃபைலில் (மேக் என்ற கட்டும் கருவிக்கான விதிகள் உள்ள கோப்பில்) நிலைமை இன்னும் நுட்பமானது. ஒரு விதியின் கீழுள்ள ஒவ்வொரு வரியையும் மேக் தனித்தனி ஷெல்லில் இயக்குவதால், முதல் வரியில் செய்த சிடி இரண்டாம் வரிக்கு வந்து சேராது; இரண்டையும் && கொண்டு ஒரே வரியாக இணைக்கவேண்டும். கர்டிர் மாறி தருவது மேக் இயங்கும் கோப்புறையை. மேக்ஃபைல் இருக்கும் கோப்புறை அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பின்னதற்கு மேக்ஃபைல்_லிஸ்ட் மாறியின் கடைசிச் சொல்லை, எந்த இன்க்ளூட் வரியும் வருவதற்கு முன்பே, எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். அதன்மேல் பயன்படுத்த அப்ஸ்பாத், ரியல்பாத் என்று இரு செயற்கூறுகள் உள்ளன: முன்னது குறியீட்டு இணைப்புகளைத் தொடராது, கோப்பு இருக்கிறதா என்றும் பார்க்காது, பின்னது இணைப்புகளைத் தொடர்ந்து சென்று, கோப்பு இல்லையென்றால் வெற்றுச் சொல்லைத் தரும். இனிமேல்தான் உருவாகவிருக்கும் பில்டு கோப்புறைக்கு ரியல்பாத் ஆகாது. பாதையில் இடைவெளி இருந்தால் இரண்டுமே உடையும், ஏனெனில் மேக்குக்கு இடைவெளி என்பது பட்டியலின் பிரிப்பான்.

கிரேடில் என்ற கட்டும் கருவியைப் பயன்படுத்துவோர் ஜாவாவின் ‘நியூ ஃபைல்’ என்பதை விட்டு, திட்டக் கோப்புறையிலிருந்து கணக்கிடும் ‘ஃபைல்’ செயற்கூறையே அழைக்கவேண்டும். சிமேக் என்ற கட்டும் கருவியில், உங்கள் திட்டம் இன்னொன்றின் உட்திட்டமாகச் சேர்க்கப்படும் நாளில் சிமேக்_சோர்ஸ்_டிர் அந்த வெளித்திட்டத்தைச் சுட்டும். கரன்ட் என்ற சொல் சேர்ந்த மாறியை எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பாதையாக்குவதற்கு ஒரு விலையும் உண்டு. கம்பைலருக்கு முழுப் பாதையைக் கொடுத்தால், அது அசர்ட் செய்திகளிலும் பிழைதிருத்தத் தகவலிலும் அப்படியே பதிந்துவிடும். ஒரே மூலநிரலை வேறு வேறு கோப்புறைகளில் கட்டினால் வேறு வேறு பைனரிகள் கிடைக்கும், சிகேஷும் (முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் கருவி) பழைய விடையைத் திரும்பப் பயன்படுத்தாது. 2018-இல் வெளிவந்த ஜிசிசி 8 கம்பைலரிலிருந்து, பாதையின் முன்பகுதியை வேறொன்றாக மாற்றியெழுதும் ‘ஃபைல் பிரிஃபிக்ஸ் மேப்’ விருப்பம் இருக்கிறது. சிகேஷுக்கு அதன் ‘பேஸ்_டிர்’ அமைப்பு உதவும்.

மாற்றங்களைச் செய்து முடித்தபின், ரெப்போவை வேறொரு பெயருள்ள கோப்புறையில் புதிதாக குளோன் செய்து, ‘/’ கோப்புறையில் நின்றுகொண்டு ஸ்கிரிப்டை இயக்கிப் பாருங்கள். பழைய பில்டு கோப்புறையை அங்கே நகலெடுத்துச் செல்லாதீர்கள். சிமேக் தன் கேஷ் கோப்பில் முழுப் பாதைகளையே எழுதி வைப்பதால், இடம் மாறியதைக் கண்டதும் கட்ட மறுத்துவிடும்.